1971 எம்ஜிபி ரோட்ஸ்டர் விற்பனைக்கு: பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

2009இல் நான் வாங்கிய எம்ஜிபி ரோட்ஸ்டரை இப்போது விற்கிறேன். 1971இல் கட்டிய கார். வெள்ளை நிறம், கறுப்புத் துணிக்கூரை, கம்பி வீல்கள், ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் எஞ்சினை மெதுவாகச் சுழலவைக்கிற கூடுதல் கியர்) உள்ள கியர்பாக்ஸ், வலதுபக்க ஸ்டீயரிங். கேட்கும் விலை 11,500 பவுண்டு. விற்கப்போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து போனிலும் நேரிலும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, என் பதில்களையும் கீழே போட்டிருக்கிறேன். இதை வாங்காமல் வேறு எம்ஜிபி பார்க்கப் போகிறவருக்கும் பாதிக்கு மேல் பயன்படும்.

இது என்ன கார்? எம்ஜி புதுசா வந்த கம்பெனிதானே?

இன்று சாலையில் நிறையப் பார்க்கிற புதிய எம்ஜி கார்களுக்கும் இதற்கும் பெயரும் எண்கோண முத்திரையும்தான் பொது. இது ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே அபிங்டன் என்ற ஊரில் இருந்த பழைய எம்ஜி தொழிற்சாலையில் கட்டியது. எம்ஜிபி 1962இல் வந்தது. 1980 அக்டோபரில் அந்தத் தொழிற்சாலையோடு சேர்ந்து அதன் உற்பத்தியும் நின்றது.

கூரையைத் திறக்கக்கூடிய இரண்டு இருக்கை வண்டிதான் ரோட்ஸ்டர். 1965இல் இரும்புக் கூரையோடு ஜிடி என்று இன்னொன்று வந்தது. இரண்டும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கு மேல் கட்டினார்கள். அதில் பெரும்பங்கு கப்பலேறி அமெரிக்கா போனது.

எவ்வளவு வேகம் போகும்?

1798 சிசி, நான்கு சிலிண்டர், இரண்டு எஸ்யு கார்புரேட்டர். நல்ல நிலையில் இருந்தால் மணிக்கு 100 மைலைத் தாண்டும். ஆனால் சிக்னலில் பச்சை விழுந்ததும் பக்கத்தில் நிற்கும் சாதாரணக் குடும்பக் கார் உங்களை முந்திப் போய்விடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதன் சுகம் நாற்பது நாற்பத்தைந்து மைல் வேகத்தில் இருக்கிறது. தரைக்கு அவ்வளவு அருகில் உட்கார்ந்திருப்போம். கூரை திறந்திருக்கும். மூன்றாம் கியரில் வளைவுக்குள் நுழையும்போது ஸ்டீயரிங் வழியாகச் சாலையின் ஒவ்வொரு கல்லும் கைக்குத் தெரியும். மோட்டார்வேயில் ஓவர்டிரைவ் விசையைத் தட்டினால் எஞ்சின் சத்தம் சட்டென்று தணியும். அது இல்லாமல் நீண்ட தூரம் போனால் காது களைத்துப்போகும். ஆகவே எந்த எம்ஜிபி வாங்கினாலும் ஓவர்டிரைவ் இருக்கிறதா, மூன்றிலும் நான்கிலும் தாமதமில்லாமல் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

பின்னால் பிள்ளைகளை உட்கார வைக்கலாமா?

முடியாது. இருக்கைகளுக்குப் பின்னால் இருப்பது பை வைக்கிற தட்டு. அதற்குக் கீழே பேட்டரி இருக்கிறது. இந்த வயதுக் கார்களில் ஒரு 12 வோல்ட் பேட்டரிக்குப் பதில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளை ஆளுக்கொரு பெட்டியில் வைத்திருப்பார்கள். என் காரிலும் அப்படித்தான்.

தினமும் வேலைக்கு எடுத்துப் போகலாமா?

கோடையில் தாராளமாக. முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம். ஏபிஎஸ் கிடையாது, ஏர்பேக் கிடையாது. முன்னால் போகிற வண்டிக்கு இடைவெளி விட்டு ஓட்டுகிற பழக்கம் வேண்டும்.

குளிர்காலத்தில் நான் தினமும் எடுப்பதில்லை. சாலையில் உப்புத் தூவ ஆரம்பித்ததும் உள்ளே வைத்துவிடுவேன். வசந்தத்தில் நல்ல மழை பெய்து உப்பெல்லாம் கழுவிப்போன பிறகுதான் வழக்கம்போல வெளியே வரும். அதற்காக ஐந்து மாதம் அசையாமல் போட்டுவைப்பதும் கூடாது. பிரேக் சிலிண்டர்கள் இறுகிவிடும், கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகிவிடும். காய்ந்த நாளாகப் பார்த்து மாதம் ஒருமுறை இருபது மைலாவது ஓட்டி, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகே நிறுத்துவேன். ‘வருஷத்துக்கு நூறு மைல்கூட ஓடவில்லை’ என்று பெருமையாகச் சொல்லி யாராவது கார் விற்றால், எனக்கு அது நல்ல செய்தியாகப் படுவதில்லை.

துரு இருக்கிறதா, இல்லையா? நேராகச் சொல்லுங்கள்.

எம்ஜிபி வாங்குவதில் பாதிக் கேள்வி இதுதான். இதற்கு முந்தைய எம்ஜிஏ காரில் கனமான சேசிஸ் தனி, பாடி தனி. எம்ஜிபியில் தனிச் சேசிஸ் இல்லை. உடலே எலும்பு. மேலே கூரையும் இல்லாததால் வண்டி நடுவில் மடங்காமல் தாங்குவது கதவுகளுக்குக் கீழே ஓடுகிற இரண்டு சில்கள்தான். ஒவ்வொரு சில்லும் வெளித்தகடு, உள்தகடு, நடுத்தகடு என்று பல தகடுகள் சேர்ந்து பெட்டிபோல அமைந்தது. அந்தப் பெட்டிக்குள் ஈரமும் மண்ணும் தங்கினால் உள்ளிருந்து அரிக்கும். வெளியே தெரிவதற்குள் வேலை முடிந்திருக்கும்.

என் காரில் இரண்டு பக்கச் சில்களும் 2011இல் முழுமையாக மாற்றப்பட்டன. முழுமையாக என்றால், சில் முன் மட்கார்டுக்குள்ளும் பின் மட்கார்டுக்குள்ளும் நீண்டு போகிறது. அங்கே எட்ட மட்கார்டின் அடிப்பகுதியை வெட்டித்தான் ஆகவேண்டும். அதைச் செய்யாமல் கதவுக்கடியில் தெரிகிற நீளத்துக்கு மட்டும் புதுத் தகட்டை மேலே ஒட்டிவிடுகிற வேலையும் நிறைய நடக்கிறது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், பலம் இருக்காது. என்னிடம் வெட்டியது, உள்தகடு வைத்தது, வெல்டிங் செய்தது, மெழுகு அடித்தது எல்லாவற்றுக்கும் படங்கள் இருக்கின்றன. மொத்தம் 43 படம்.

நீங்களே சோதிக்க ஒரு வழி: கதவுக்கும் பின் மட்கார்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கவேண்டும். அப்புறம் சில்லில் ஜாக்கி வைக்கிற இடத்தில் வைத்து அந்தப் பக்கத்தை மெதுவாகத் தூக்குங்கள். தூக்கும்போது இடைவெளி மாறினாலோ கதவு இறுகிக்கொண்டாலோ நடு உடல் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் இதை நானே செய்து காட்டுகிறேன்.

இப்போது இருக்கிற துரு: இடதுபக்க பேட்டரிப் பெட்டியின் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு மேல்துரு இருக்கிறது, ஓட்டை இல்லை. டிக்கித் தரையில் ஸ்பேர் வீல் உரசின இடத்தில் கொஞ்சம். அவ்வளவுதான்.

பெயின்ட் கண்ணாடி மாதிரி இருக்கே, அப்போ பாடி நல்லாத்தானே இருக்கும்?

பெயின்டை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். எனக்கு இது சொந்த அனுபவம். இந்தக் காருக்கு முன்னால் ஒரு சிவப்பு எம்ஜிபி வாங்கினேன். விற்றவர் அதை வெயிலில் நிறுத்தியிருந்தார், முகம் பார்க்கலாம்போல மின்னியது. அடியில் படுத்துப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிட்டேன். இரண்டாவது குளிர்காலம் கதவுக்குக் கீழே பெயின்ட் கொப்புளம் விட்டது. விரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போனது. பிய்த்துப் பார்த்தால் உள்ளே பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசுகிற பசை), அதற்கும் உள்ளே நசுக்கித் திணித்த செய்தித்தாள்.

ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள். சில், கதவின் அடிவிளிம்பு, முன் மட்கார்டின் பின்கீழ் மூலை, பின் சக்கரத்துக்கு முன்னால் உள்ள வளைவு, இந்த இடங்களில் ஒட்டிப் பாருங்கள். பட்டி கனமாக இருக்கிற இடத்தில் காந்தம் பிடிக்காது. என் காரில் வலது முன் மட்கார்டில் ஒரு நசுங்கலை எடுத்த இடத்தில் மெல்லிய பட்டி உண்டு. காந்தம் அங்கே லேசாகத்தான் பிடிக்கும்.

மீட்டர் 61,000 மைல் காட்டுதே, அவ்வளவுதான் ஓடியிருக்கா?

இல்லை. இந்த மீட்டரில் மைலுக்கு ஐந்து இலக்கம்தான். 99,999க்குப் பிறகு மறுபடி பூஜ்யம். என் கணக்கில் இது இரண்டாவது சுற்று, அதாவது 1,61,000. பழைய எம்ஓடி (ஆண்டுதோறும் நடக்கிற வாகனத் தகுதிச் சோதனை) சான்றிதழ்கள் 1978இலிருந்து பெரும்பாலும் கோப்பில் இருக்கின்றன, அவற்றில் மைல் வரிசையாக ஏறுவது தெரியும். 2005க்குப் பிறகு நடந்த சோதனைகளை அரசின் இணையப் பதிவில் வண்டி எண்ணைப் போட்டு நீங்களே பார்க்கலாம்.

பத்திரமாக வைத்திருந்த கார் என்று ஒருவர் சொன்னால் அதற்குச் சாட்சி காகிதம். ரசீது, சான்றிதழ், யார் எப்போது எந்தக் கேஸ்கெட்டை மாற்றினார்கள் என்ற குறிப்பு. இந்தக் காரின் இரண்டாவது உரிமையாளர் ஒவ்வொரு முறை கிரீஸ் அடித்ததையும் ஒரு நீலநிற நோட்டில் தேதியோடு எழுதியிருக்கிறார். அந்த நோட்டைப் பார்த்துத்தான் நான் இதை வாங்கினேன்.

எஞ்சின் ஒரிஜினலா?

ஆமாம். கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் அபிங்டன் தொழிற்சாலையின் பதிவேடுகள் இருக்கின்றன. கட்டணம் கட்டினால் கார் கட்டிய தேதி, முதல் நிறம், எஞ்சின் எண், எங்கே அனுப்பப்பட்டது என்று சான்றிதழ் தருவார்கள். என் காரின் சான்றிதழில் எஞ்சின் எண்ணும் வெள்ளை நிறமும் பொருந்துகின்றன. பிரிட்டனிலேயே விற்ற கார் என்றும் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து திரும்பிவந்து ஸ்டீயரிங் மாற்றிய கார்கள் உண்டு. அவை மோசம் என்று சொல்லமாட்டேன், வறண்ட பகுதியில் இருந்தவற்றில் துரு குறைவு. ஆனால் மாற்றியதைச் சொல்லி விற்கவேண்டும்.

சான்றிதழை விட முக்கியம் எஞ்சினின் உடல்நிலை. 1964 கடைசியிலிருந்து கிராங்க் ஷாஃப்டுக்கு மூன்றுக்குப் பதில் ஐந்து பேரிங் வைத்தார்கள், இதுவும் ஐந்து பேரிங்தான். சூடான பிறகு ஓட்டத்தில் ஆயில் பிரஷர் 60க்குப் பக்கத்தில் நிற்கிறது, நின்ற இடத்தில் 20க்குக் குறைவதில்லை.

ஆயில் ஒழுகுமா?

ஒரு இரவு நின்றால் கீழே காசு அளவுக்கு ஒரு சொட்டு. அட்டையைப் போட்டு நிறுத்துகிறேன். சுத்தமாக ஒழுகாத எம்ஜிபியைப் பார்த்தால் முதலில் ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். 20டபிள்யூ-50 ஆயில்தான் ஊற்றவேண்டும், இந்தக் கால மெல்லிய ஆயில் வேண்டாம்.

ஆயிலைவிட கிரீஸைத்தான் பலர் மறக்கிறார்கள். முன்சக்கரங்கள் திரும்புகிற கிங்பின்களுக்கு 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடித்தே ஆகவேண்டும். அடிக்காமல் விட்டால் ஸ்டீயரிங் கனக்கும், பிறகு பின் தேயும், பிறகு பெரிய செலவு. கிரீஸ் கன்னைக் காரோடு தருகிறேன்.

மழை வந்தால் நனைவோமா?

கொஞ்சம். கூரை 2016இல் புதிதாகப் போட்ட மோஹேர் துணி, நடுவில் ஒழுகாது. முன் கண்ணாடிச் சட்டமும் கதவின் முக்கோணக் கண்ணாடியும் சேரும் மூலையில் பலத்த மழைக்குச் சொட்டும், வலது முழங்காலில் விழும். ரப்பரை இரண்டு முறை மாற்றிப் பார்த்துவிட்டேன்.

ஈரமாக இருக்கும்போது கூரையை மடிக்காதீர்கள். பூஞ்சை பிடிக்கும், தையல் இற்றுப்போகும். பின்பக்க ஜன்னல் பிளாஸ்டிக் என்பதால் குளிரில் மடித்தால் விரிசல் விடும். மடித்தபடியே மாதக்கணக்கில் வைத்தால் துணி சுருங்கி முன்கொக்கிக்கு எட்டாது. நிறுத்திவைக்கும்போது கூரை எப்போதும் விரித்திருக்கட்டும்.

கம்பி வீல் அழகுதான், ஆனா தொந்தரவாமே?

தொந்தரவு உண்டு. துடைக்க நேரமாகும், டியூப் போடவேண்டும், கம்பி தளரும். ஒரு ஸ்பானரால் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வாருங்கள், இறுக்கமான கம்பி ‘டிங்’ என்னும், தளர்ந்தது ‘டக்’ என்னும். அதைவிட முக்கியம் வீலும் அச்சும் பொருந்துகிற பற்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, பின்பக்கத்தைத் தூக்கி, வீலை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். வீல் மட்டும் அசைந்தால் பற்கள் தேய்ந்துவிட்டன.

இந்தக் காரில் நான்கு வீலும் பின் ஹப் இரண்டும் 2018இல் புதிது. கழற்றும்போது நடுநட்டைக் கார் முன்னோக்கிப் போகும்போது வீல் சுழலும் திசையில் தட்டவேண்டும். எதிர்த்திசையில் தட்டினால் இறுகும். செம்புச் சுத்தியல் டிக்கியில் இருக்கிறது.

இந்தக் காலத்துப் பெட்ரோல் ஒத்துக்குமா?

இரண்டு விஷயம். ஒன்று ஈயம். பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை 2000 தொடக்கத்தோடு நின்றது. ஈயம் இல்லாவிட்டால் பழைய வால்வு இருக்கைகள் தேயும். என் காரின் சிலிண்டர் ஹெட்டில் கடினமான புது இருக்கைகள் பதித்தாயிற்று, ரசீது கோப்பில் இருக்கிறது.

இன்னொன்று எத்தனால். 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் இ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. அது பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும். குழாய்கள் எல்லாம் எத்தனால் தாங்குபவையாக மாற்றியிருக்கிறேன், இருந்தாலும் எத்தனால் 5 சதவீதத்துக்கு மேல் போகாத இ5 சூப்பர்தான் போடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

உதிரிபாகம் எங்கே தேடுவது?

தேடவே வேண்டாம். பழைய கார்களில் இவ்வளவு எளிதாகப் பாகம் கிடைக்கிற வண்டி மிகக் குறைவு. ஐந்து லட்சத்துக்கு மேல் கட்டியதன் பலன் அது. 1988இலிருந்து தகடு அழுத்துகிற பழைய அச்சுகளை வைத்து முழு பாடியே புதிதாகச் செய்கிறார்கள்.

குரோம் பம்பர் நல்லதா, ரப்பர் பம்பர் நல்லதா?

இது குரோம். 1974 இலையுதிர் காலத்திலிருந்து அமெரிக்க விதிகளுக்காகப் பெரிய கறுப்பு ரப்பர் பம்பர் வைத்து, காரின் உயரத்தையும் கூட்டினார்கள். உயரம் கூடியதால் வளைவில் சாய்வு அதிகம். அதனால்தான் குரோம் காருக்கு விலை கூடுதல். ஆனால் கையில் இருக்கிற பணத்துக்கு அரித்துப்போன குரோம் காரும் திடமான ரப்பர் பம்பர் காரும் கிடைத்தால் ரப்பர் பம்பரையே வாங்குங்கள்.

வரி, எம்ஓடி, லண்டனுக்குள் கட்டணம் எல்லாம் எப்படி?

40 வயது கடந்த கார் என்பதால் வரலாற்று வாகனம் என்ற வகையில் பதிவாகியிருக்கிறது. வரித் தொகை பூஜ்யம், என்றாலும் வருடாவருடம் பதிவுசெய்யவேண்டும். புகை அதிகம் விடும் வண்டிகளுக்கு லண்டன் வசூலிக்கிற யுலெஸ் கட்டணமும் இல்லை. கறுப்புத் தகட்டில் வெள்ளி எழுத்து வைத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு.

எம்ஓடி 2018 மே மாதத்திலிருந்து இப்படிப்பட்ட கார்களுக்குக் கட்டாயமில்லை, கடந்த 30 ஆண்டுகளில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது என்பது நிபந்தனை. நான் இருந்தாலும் ஒவ்வொரு ஏப்ரலிலும் சோதனைக்கு விடுகிறேன். பிரேக்கை இன்னொருவர் கண் பார்ப்பது எனக்கு நிம்மதி. இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது காரின் மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிற கிளாசிக் பாலிசியாக எடுங்கள். இல்லாவிட்டால் விபத்து நடந்தால் ‘ஐம்பது வருடப் பழைய கார்’ என்ற விலைதான் வரும்.

விலையைக் குறைக்க முடியுமா? இதை வாங்கிவைத்தால் பிறகு லாபம் வருமா?

சில், வீல், கூரை, சிலிண்டர் ஹெட் ஆகிய நான்குக்கும் நான் கொடுத்த பணமே கேட்கிற விலையைத் தாண்டிவிட்டது. அதை உங்களிடம் வசூலிக்கவில்லை. நேரில் வந்து அடியில் படுத்துப் பார்த்து ஒரு குறையைக் காட்டினால் பேசலாம். பார்க்காமல் போனில் கேட்டால் ஒரு பவுண்டும் குறையாது.

லாபத்துக்காக என்றால் வேண்டாம். எம்ஜிபி அபூர்வமான கார் அல்ல. ஓட்டுகிறவருக்கே தர விரும்புகிறேன்.

ஓட்டிப் பார்க்கலாமா, அண்ணா? மெக்கானிக்கையும் கூட்டி வரவா?

இரண்டும் செய்யுங்கள். உங்கள் இன்ஷூரன்ஸில் இந்தக் காரை ஓட்ட இடமிருக்கவேண்டும், அதை மட்டும் முதலில் உறுதிசெய்யுங்கள்.

வருவதற்கு முன் நான் எஞ்சினை ஸ்டார்ட் செய்து வைக்கமாட்டேன். வந்ததும் பானெட்டில் கைவைத்துப் பாருங்கள், குளிர்ந்திருக்கவேண்டும். எங்கே கார் பார்க்கப் போனாலும் இதைச் செய்யுங்கள், சூடான எஞ்சின் பல நோயை மறைக்கும். சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து பெட்ரோல் பம்ப் ‘டிக் டிக் டிக்’ என்று அடித்து, கார்புரேட்டர் நிரம்பியதும் நிற்கும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ கசிவு. பிறகு சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். புறப்படும்போது நீலப் புகை வருகிறதா என்று உங்கள் மெக்கானிக் பின்னால் நின்று பார்க்கட்டும்.

இவ்வளவு நல்ல காரை ஏன் விற்கிறீர்கள்? எதையாவது மறைக்கிறீர்களா?

என் இடது இடுப்பில் அறுவைசிகிச்சை நடந்தது. இவ்வளவு தாழ்வான இருக்கையில் இறங்கி உட்காருவதும், கிளட்சை மிதிப்பதும் இனி முடியவில்லை. போன கோடையில் மூன்று முறைதான் எடுத்தேன். நிறுத்திவைத்தால் என்ன ஆகும் என்று மேலே சொன்னேன், அது இந்தக் காருக்கு நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை.

தனிநபர் விற்பனையில் கடைக்காரரிடம் கிடைக்கிற உத்தரவாதம் கிடைக்காது. ஆனால் விற்கிறவர் சொன்னதும் காரும் பொருந்தவேண்டும். ஆகவே குறைகளை எழுதிக் கையெழுத்துப் போட்டே தருகிறேன். பேட்டரிப் பெட்டியிலும் டிக்கியிலும் உள்ள துரு, மட்கார்டுப் பட்டி, ஆயில் சொட்டு, கூரையின் மூலை ஆகியவை மேலே வந்துவிட்டன. மிச்சம் இவை: குளிரில் முதல் இரண்டு மைல் வரை இரண்டாம் கியர் கரகரக்கும். பெட்ரோல் முள் கால் டாங்குக்குக் கீழே போனால் நம்பமுடியாது. இடது பின் ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிவின் ஈரம் இருக்கிறது, அடுத்த ஆண்டுக்குள் மாற்றவேண்டும். பயணி பக்கக் கதவை வெளியிலிருந்து திறக்க, பிடியை லேசாகத் தூக்கிப்பிடித்துக்கொண்டே பொத்தானை அழுத்தவேண்டும்.